சீனி குறைச்சு

ஊர் வாக்குப் போட முதல்
கட்சி வாக்குப் போடவேணும்.
மனையாவெளிக் கிளையில் நாற்பத்து மூன்று பேர்.
நாற்பத்து மூன்று பேருக்கும் வீடு இருக்கு,
வீட்டுக்கொரு கேத்தில் இருக்கு.

ஜெயகௌரி அக்காவுக்குச் சீனி வருத்தம்.
"சீனி குறைச்சு" என்று சொல்லித்தான் பார்த்தா.
நாளைக்கு சபைக்குப் போகக்கூடிய ஒருத்திக்கு
குறைத்துப் போட ஆருக்கு மனம் வரும்?
ஸ்டேஷன் பின்பக்கம் மூன்று கரண்டி.
கடற்கரை ஒழுங்கையில் ரின்பால்
கோப்பையின் அடியில் தேங்கி நிற்க
கடைசி மிடறுவரை குடித்துவிட்டு
ஓட்டோவுக்குள் ஏறி
சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைப்பா.
"எழுதடா" என்பா.

எழுதினேன்.
ஏழாம் வீடு: வடிகான்.
ஒன்பது: வடிகான். கேற்றில் நாய்.
பதினாலு: மகன் கட்டாரில், காணி உறுதி துலைஞ்சு போச்சு.
பதினைந்து: பதினாலோடு கதை இல்லை,
இரண்டு பேரையும் ஒரே கூட்டத்துக்குக் கூப்பிடக்கூடாது.
இருபது: கையைப் பிடித்தவர் விடவேயில்லை.
சரி போடு என்றா அக்கா.
போட்டேன்.
கையை இவ்வளவு நேரம் பிடிக்கிறவர்
வாக்கைப் பிடிக்கமாட்டார் என்பதை
கொப்பியில் எங்கே எழுதுவது?

காப்பு அடகு வைத்து
நாற்பது படம் அடித்தா.
கோதுமைமாப் பசை காய்ச்சி
இரவோடிரவாக நானும் ரூபனும் ஒட்டினோம்.
விடியப் போய்ப் பார்த்தால் மதிலடியில் ஐந்தாறு மான்,
அக்காவின் நாடியிலிருந்து சாப்பிடத் தொடங்கி
மூக்குக் கண்ணாடி வரைக்கும் வந்துவிட்டன.
பக்கத்தில் ஒப்பந்தகாரர் நகுலேஸ்வரன்
ஒரு கீறலுமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.
அவருடையது பிளாஸ்டிக்.
அக்கா ஓட்டோவை நிறுத்தச் சொல்லி
கொஞ்சநேரம் பார்த்தா.
"பாவம், பசி" என்றா.
மானையா தன்னையா என்று நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை இரவு போன் வந்தது.
வாக்கைப் பற்றி ஒரு சொல் இல்லை.
சாப்பிட்டாயா என்று கேட்டான்.
சபையில் தண்ணி பவுசர் ஓட்ட
ஒரு பெடியன் தேவையாம்,
உன்ர தம்பி இன்னும் சும்மாதானே இருக்கிறான் என்றான்.
தம்பி பக்கத்துப் பாயில் கிடந்து
போனைத் தடவிக்கொண்டிருந்தான்.
அவன் காதில் விழுந்ததோ தெரியாது,
வெளிச்சம் மட்டும் முகத்தில் நின்றது.

ஞாயிறு, சனசமூக நிலையம்.
கிறீம் கிறாக்கர் டின்னின் மூடியில்
பிளேட்டால் கீறிய வாய்தான் வாக்குப்பெட்டி.
மின்விசிறி போட்டால் துண்டுகள் பறக்கும் என்று
போடவில்லை.
கொப்பியில் முப்பத்தொரு சரி இருந்தது.
டின்னில் பத்தொன்பது.
நகுலேஸ்வரனுக்கு இருபத்துநாலு.
அவர் அக்காவைக் கும்பிட்டு
"மகளிர் பட்டியலில் பாப்பம்" என்றார்.
எல்லாருக்கும் தேத்தண்ணி வந்தது.
அக்கா அதையும் குடித்தா.

திரும்பி வரும்போது
பின்சீற்றில் இருந்து கொப்பியை விரித்தா.
"பன்னிரண்டு பேரடா."
இருபதாம் வீட்டைத் தானே வெட்டினா.
பதினாலு, பதினைந்து,
ரெண்டும் இதிலையாவது ஒற்றுமைப்பட்டிருக்கு என்று சிரித்தா.
உள்துறைமுகப் பக்கம் காற்றுத் திரும்பி
கருவாட்டு மணம் வந்தது.
பேனை போய்ப் போய் நின்றது.
"பதினொண்டு வருகுது.
மற்றது ஆரெண்டுதான் பிடிபடேல்லை."

நாற்பத்து மூன்றாவது பெயர் என்னுடையது.
அதற்கு நேரே சரி போட்டது அக்காதான்,
முதல் நாளே, என்னைக் கேட்காமல்,
வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிக்காமல்.

சந்தியில் கியர் மாற்றினேன்.
மாற்றத் தேவையிருக்கவில்லை.

வாசலில் இறங்கி
கைப்பையைத் துழாவினா.
"பெற்றோல் காசு ரெண்டு கிழமை நிக்குது, எவ்வளவு?"
"விடுங்கோ அக்கா."
விடவில்லை.
வேர்த்த தாள்களை ஒவ்வொன்றாக எண்ணி
என் கையில் வைத்து,
விரல்களையும் தானே மடக்கிவிட்டு,
"ஏழாம் வீட்டு வடிகானுக்கு
செவ்வாய்க்கிழமை கந்தோருக்குப் போகோணும்,
எட்டு மணிக்கு வா" என்றா.