கோப்பைக் கணக்கு

முன்பெல்லாம் ஆண்டுச் சந்தா.
ஜனவரி முதல் வாரம் தார்மோ
தகர டப்பாவோடு மேசை மேசையாக வருவார்.
பெயருக்கு நேரே ஒரு கோடு.
பன்னிரண்டு மாதக் காப்பி, பேச்சு முடிந்தது.

சைமியை அனுப்பியது ஜூன் கடைசியில்.
மீதி ஆறு மாதக் காப்பிப் பணத்தை
உறையில் போட்டுக் கொடுத்தார் தார்மோ.
நிறுவனம் கொடுத்த உறையை அவள் பிரிக்கவேயில்லை,
இதைப் பிரித்து
எண்ணிவிட்டு அழுதாள்.
அதன்பிறகு மாதக் கணக்கு.

ஔலுவில் நவம்பர். மூன்றரைக்கே தெருவிளக்கு.
நாங்கள் செய்வது இதயத்துடிப்பு எண்ணும் கைக்கடிகாரம்.
திட்டம் என்றால் இப்போது ஆறு வாரம்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு மீனின் பெயர்.
சால்மன் தொடங்கியபோது கேக் வெட்டினோம்.
டிரௌட் முடிந்ததா நின்றதா, யாருக்கும் தெரியாது.

குளிரில் மணிக்கட்டு விறைத்தால்
கடிகாரம் ஒரு துடிப்பைத் தவறவிடுகிறது.
எழுதிப் போட்டேன்.
'அடுத்த சுற்றில்' என்று பதில் வந்தது.
நிரலைத் திறந்தால் அதே இடத்தில் ஏற்கெனவே ஒரு குறிப்பு:
'பிறகு சரிசெய்கிறேன். ரெய்யோ.'
ரெய்யோ போய் ஏழு மாதமாகிறது.
மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு 'பிறகு'கள்.
எண்ணுவதற்கு நேரம் இருந்தது எனக்கு,
சோதிப்பதற்குத்தான் இல்லை.

வெள்ளிதோறும் திரையில் ஐந்து முகங்கள் வரும்,
இந்த வாரம் எப்படி இருந்தீர்கள், ஒன்றைத் தொடுங்கள்.
அழும் முகத்தைத் தொடுகிறவர் முதலில் போவார் என்று
யாரும் சொன்னதில்லை.
எங்கள் மாடியில் எல்லோரும் சிரிக்கிறோம்,
தொண்ணூற்றாறு சதவீதம்.
என் சொந்தக் கோப்பையைத்
தினமும் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகிறேன்.
ஏன் என்று கணவர் கேட்கவில்லை.

டப்பாமேல் இப்போது ஒரு சீட்டு:
கோப்பைக்கு ஐம்பது சென்ட்.

திங்களன்று இங்கெரி சேர்ந்தாள்.
இருபத்திநாலு வயது, நனைந்த கம்பளித் தொப்பி.
இருபது யூரோ தாளை நீட்டி
'மார்ச் வரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்' என்றாள்.

வடிகட்டி சொட்டும் சத்தம் கேட்டது.
யாரோ கரண்டியைக் கழுவினார்கள், கழுவிய கரண்டியை.

தார்மோ தாளை வாங்கிக்கொண்டார்.
மேசையில் டப்பாவைக் கவிழ்த்தார்.
பத்தொன்பது யூரோ ஐம்பது சென்ட்டையும்
சில்லறையாக,
ஒன்றொன்றாக, அவசரமே இல்லாமல்
அவள் உள்ளங்கையில் எண்ணி வைத்தார்.