நூற்றுப் பதினாறு

பனி கொட்டும் இரவுகளில்
பதினொரு டன் உப்போடு புறப்படுவார் ஜெர்வே லெபாஜ்.
கிடங்கு வாசலில் இன்னும் பழைய சோடியம் விளக்கு;
அதன் அடியில் எல்லோர் முகமும்
மஞ்சள்காமாலை கண்டது போலிருக்கும்.
மத்தானை விட்டால் மேடு.
இந்தப் பக்கம் காடு, அந்தப் பக்கமும் காடு.
லாரியின் வாலில் ஒரு தட்டு சுழன்று சுழன்று
வெள்ளையின் மேல் வெள்ளையை இறைக்கும்.

மாக்தலேன் தீவுகளின் அடியில்
வெட்டிக் கப்பலேற்றிய உப்பு அது.
என்றைக்கோ வற்றிப்போன ஒரு கடல்
கியூபெக்கின் தார்ச்சாலைக்கு வந்து
பனிக்கட்டியோடு மல்லுக்கு நிற்கிறது.

எனக்கு அவரைத் தெரியாது.
ஆஸ்பத்திரியின் நிலவறையில் எனக்கு ராத்திரி ஷிப்ட்.
ரத்தக் குழாய்களை இயந்திரத்துக்கு ஊட்டுவேன்,
அது துப்பும் எண்களை வாசிப்பேன்.
முதல் வரியில் எப்போதும் சோடியம்.
நூற்று முப்பத்தைந்து முதல் நூற்று நாற்பத்தைந்து வரை:
ராஜாவும் அதற்குள், ராப்பிச்சைக்காரனும் அதற்குள்.

கல்லூரியில் அதை உலோகமாகவே பார்த்திருக்கிறேன்.
எண்ணெயில் முங்கிக் கிடந்தது,
சோப்பைப் போலக் கத்திக்கு வழிவிட்டது.
வெட்டுமுகம் ஒரு கணம் வெள்ளி,
மறுகணம் சாம்பல்.
தண்ணீரில் இட்டால்
சீறி, ஓடி, தீப்பிடிக்கும்.
அத்தனை முன்கோபி,
ஒரே ஓர் எலக்ட்ரானைக் குளோரினிடம் இழந்துவிட்டு
சூப்பில் சத்தமில்லாமல் கரைகிறது.

பிப்ரவரி. மூன்று மணி பத்து நிமிடம்.
நூற்றுப் பதினாறு என்றது இயந்திரம்.
நம்பாமல் மறுபடி ஓட்டினேன்.
நூற்றுப் பதினாறு.
லெபாஜ், ஜெர்வே. ஆண், அறுபத்தொன்று.
தொழிலைச் சீட்டில் எழுதுவதில்லை.

மாடிக்குப் போன் போட்டேன். மிரேய் எடுத்தாள்.
எண்ணைச் சொன்னதும் பெருமூச்சு விட்டாள்,
பிறகு சிரித்தாள்.
லாரியை ஓரங்கட்டிவிட்டு
கோட்டு இல்லாமல் இறங்கி நின்றாராம்.
மூன்று மூஸ் மான்கள்
லாரியின் விலாவை நக்கிக்கொண்டிருக்க
அவற்றோடு பேசிக்கொண்டிருந்தாராம்.
பின்னால் வந்த மரலாரிக்காரன்
யாரோடு பேச்சு என்று கேட்டானாம்.
‘மைத்துனர்கள்’ என்றாராம்.

ரத்தக் கொதிப்பு, உப்பைக் குறையுங்கள் என்று
இலையுதிர் காலத்தில் சொல்லியிருக்கிறார் டாக்டர்.
தினம் ஒரு நீர் மாத்திரையும்.
ஜெர்வே எதையும் அரைகுறையாய்ச் செய்கிறவர் இல்லை.
பன்றித் தொடை போயிற்று, சீஸ் போயிற்று,
ஊறுகாய் வெள்ளரி போயிற்று,
மனைவி சொலாஞ்சின் பட்டாணி சூப் சப்பென்று ஆயிற்று.
தாகத்துக்கு, ஸ்டியரிங் பக்கத்தில்
நாலு பாட்டில் தண்ணீர்.

மூஸுக்குத் தெரியும்
குளிர்காலச் சுள்ளியில் உப்பில்லை என்று.
கோடையில் ஏரிக்குள் தலையை முக்கி
நீர்ச்செடி பிடுங்கித் தின்னும்.
ஏரி உறைந்தால் சாலைக்கு வரும்,
ஒரு நாக்கு சோடியத்துக்காக
ஹெட்லைட்டுகளின் முன்னால் உயிரை வைத்து.
அவருக்குத் தெரியவில்லை.
உடம்புக்குத் தெரிந்துதான்
அங்கே கொண்டுபோய் நிறுத்தியதோ என்னவோ.

டன் டன்னாய் இறைத்தவருக்கு
இப்போது சொட்டுச் சொட்டாய்.
அவசரப்பட்டு ஏற்றினால் மூளை தாங்காது.
நாலு மணிக்கொரு குழாய் கீழே வரும்.
நூற்றுப் பதினெட்டு.
நூற்றுப் பத்தொன்பது.
நூற்று இருபத்தொன்றில்
அவர் முதல் கேள்வி கேட்டதாக மிரேய் சொன்னாள்:
‘கிலோமீட்டருக்கு எத்தனை கிலோ போடுகிறீர்கள்?’

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டுமாம்.
பதினேழு வருடமாக அந்தச் சாலையில்
வழுக்காமல் வீடு போய்ச் சேர்கிறேன்.
நினைத்ததில்லை.

விடிந்ததும் வேறு யாரோ இறைத்த உப்பு
டயருக்கு அடியில் நொறுங்கியது.
தூங்கி எழுந்து சன்னலைத் திறந்தால்,
வெள்ளை பூத்திருந்த என் கார்க் கதவில்
அகலமாய், ஈரமாய், ஒரு நாக்கின் தடம்.
தெருவில் யாருமில்லை.
இறங்கிப் போய்
அது விட்டுவைத்த மூலையை விரலால் துடைத்து
நானும் நாக்கில் வைத்துப் பார்த்தேன்.