மூவர் இருக்கை

சன்னலோரம் ஒருவர், நடைவழியோரம் ஒருவர்.
நடுவில் யாரும் இல்லை.
நடு இடம் காலியாகவும் இல்லை.

சந்திப்பிலிருந்து பாபநாசம்,
நாளொன்றுக்கு நாலு நடை.
பதினெட்டு வருஷமாகப் பையும் விசிலுமாக நிற்கிறேன்.
பணிமனைக் கணக்கில் இந்த வண்டிக்கு ஐம்பத்தைந்து இருக்கை.
நாற்பது பேர் ஏறினாலே நிறைந்துவிடுகிறது.
"தள்ளி உக்காருங்க" என்று முன்பு அதட்டுவேன்.
இப்போது தள்ளினால்
சன்னல்தான் போக வேண்டும்.

பேட்டையில் ஏறுகிற பையனுக்கு
அம்மா அரை டிக்கெட் கேட்கிறாள்.
வாசலருகே பெயிண்டில் ஒரு கோடு உண்டு,
அதற்குக் கீழே தலை இருந்தால் அரை.
தலை கீழேதான் இருக்கிறது.
அகலத்துக்குக் கோடு போடச் சொல்லி
இன்னும் சுற்றறிக்கை வரவில்லை.
அவன் கையில் உருளைக்கிழங்கு வறுவல் பாக்கெட்.
பாதி காற்று,
மீதி அவன்.

சேரன்மகாதேவியில் பேச்சித்தாய்,
முட்டியைப் பிடித்துக்கொண்டு, படிக்கொரு முருகா.
பீடித்தட்டை மடியில் வைத்து
விடிந்ததிலிருந்து அடைகிறவரை இருந்த இடத்தில் இருக்கிறவள்.
"உக்காந்து திங்கிற சொகுசுன்னு சொல்லுதாவ.
உக்காந்தாத்தான அண்ணாச்சி சோறு?"
மத்தியானம் ரேஷன் அரிசி,
ராத்திரி மகன் வாங்கிவரும் புரோட்டா.
அவளைக் குண்டு என்று சொல்ல எனக்கு நாக்கு வராது.

வீரவநல்லூர் தாண்டி, முன்பு ஒரே ஒரு புரோட்டாக் கடை.
இப்போது ஏழு.
கம்பியில் கோழி சுழல்கிற கடை ஒன்று.
நேர் எதிரே சர்க்கரை பார்க்கிற லேப்:
சாப்பிடுமுன் ஒரு தடவை, சாப்பிட்டபின் ஒரு தடவை.
நடுவில் ரோடு.
கடந்தால் போதும்.

பசியைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.
கார் பொய்த்த வருஷம்
அப்பாவின் அரைஞாண் கயிறு தானாக நழுவி விழுந்தது.
எடுத்து, முடிச்சை இன்னும் உள்ளே தள்ளிப் போட்டார்.
அதனால் எனக்கு முதல் தொப்பை வந்தபோது
வீட்டில் யாருக்கும் அது நோயாகத் தெரியவில்லை.
"பய தேறிட்டான்."
செண்பகம் பெருமையோடு காக்கிச் சட்டையைப் பிரித்துத் தைத்தாள்.
இரண்டாம் முறையும் தைத்தாள்.
மூன்றாம் முறை பிரிக்கத் துணி இல்லை.

டாக்டர் நடக்கச் சொன்னார்.
தினம் நாலு நடை போகிறேனே ஐயா என்றேன்.
அவர் சிரிக்கவில்லை,
மாத்திரையை ஒன்றிலிருந்து இரண்டாக்கினார்.

போன முகூர்த்த நாள். கல்லிடைக்குறிச்சி தாண்டி.
பின்படியிலிருந்து முன்படிக்கு டிக்கெட் போட்டுக்கொண்டு போனவன்
கல்யாணப் பெண்ணின் சித்தப்பாவுக்கும்
இருக்கைக் கம்பிக்கும் நடுவே நின்றுபோனேன்.
அவர் மூச்சை இழுத்தார்.
நான் இழுத்தேன்.
இரண்டு வயிறும் கேட்கவில்லை.
பஸ்ஸே சிரித்தது. அவரும் சிரித்தார், பிறகு நானும்;
சிரிக்கச் சிரிக்க இன்னும் இறுகியது.
யாரோ எங்கள் தலைக்கு மேலாகச் சில்லறை நீட்டினார்கள்.
அப்படியே, சட்டைப் பொத்தான்கள் ஒன்றையொன்று உரச,
ஆற்றுப் பாலம் முழுக்கக் கடந்தோம்.
கீழே தாமிரபரணி
ஒல்லியாகப் போய்க்கொண்டிருந்தது.

அம்பையில் இறங்கும்போது
சித்தப்பா கையில் ஒரு பொட்டலம் திணித்தார்:
"நம்ம வீட்டு லட்டு. மறுக்கக் கூடாது."
மறுத்தால் அவருக்கு என்னவாகும் என்று எனக்குத் தெரியும்.
அவர் அப்பாவுக்கும் ஒரு கயிறு நழுவியிருக்கும்.

பாபநாசத்தில் வண்டி காலி.
ஸ்டியரிங்கிடமிருந்து வயிற்றை மெல்ல விடுவித்துக்கொண்டு
டிரைவர் கோமதிநாயகம் பின்னால் வந்தார்.
"உமக்குச் சுகர்லா வே?"
"உமக்கும்தான்."
"அப்போ ஆளுக்குப் பாதி."

சன்னலோரம் அவர், நடைவழியோரம் நான்.
பொட்டலத்தை நடுவில் வைக்க இடமில்லை,
மடிமாற்றி மடிமாற்றிச் சாப்பிட்டோம்.
திரும்புகிற நடைக்கு இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருந்தது.
"இறங்கி ஆறுவரைக்கும் நடக்கலாமா?" என்றார்.
"நடக்கலாம்" என்றேன்.
சன்னல் வழியே
ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.