சந்தா பாக்கி

சேகரத் தேர்தலுக்கு இன்னும் பதினெட்டு நாள்.
வாக்காளர் பட்டியலைக் கக்கத்தில் இடுக்கி
பாக்கிக்காரர் பேர்களைச் சிவப்பு மையால்
அடித்துக்கொண்டே வந்தேன்.
நூற்றுப் பன்னிரண்டாம் எண்
வே. அன்னப்பழம், தெற்குத் தெரு.
பதினாலு மாசம் சந்தா கட்டவில்லை.
கோயிலுக்கு வந்து அதற்கும் மேலே ஆச்சு.

ஆனிக் காற்று பொத்தையில் முட்டித் திரும்பி
ஆலங்குளத்துப் புழுதியெல்லாம் என் வேட்டியில் போட்டது.
"சும்மாதான் சாத்தியிருக்கு, தள்ளுங்க"
என்றது உள்ளிருந்து குரல்.

புகையிலை நெடி, டெட்டால் நெடி.
கல் குவாரியில் விழுந்த வேதக்கண்
ஒன்பது வருஷமாய்க் கட்டிலில்.
அவரை ஒருச்சாய்த்து முதுகுப் புண்ணைத்
துடைத்துக்கொண்டிருந்தாள்.
துடைத்தபடி யாரையோ ஏசிக்கொண்டும் இருந்தாள்.

"நேத்து ராத்திரி எத்தனை தடவை கூப்பிட்டேன்?
இவரு போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டுது,
ஒமக்கு மட்டும் கேக்கலையாக்கும்.
சரி விடும், வெந்நி ஆறிப்போவும்.
அந்தப் பக்கம் பிடியும்."

மூன்றாம் ஆளைத் தேடினேன். இல்லை.
"யாருகிட்டம்மா பேசுத?" என்றேன்.
கோயில் செக்ரட்டரிக்கா இது தெரியாது
என்பதுபோல் பார்த்தாள்.

"வந்ததுதான் வந்தீய,
இந்தக் காலைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க."

பிடித்தேன்.
ஒட்டிப்போன கால்தான், ஆனால் என்ன கனம்.
விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாய்
ஈரம் போக ஒற்றினாள்,
பண்டிகைக்குப் போகிற பிள்ளைக்கு ஒற்றுவதுபோல்.

பிறகு சுளவை மடியில் இழுத்தாள்.
இலை, தூள், சுருட்டு, மடக்கு, நூல்.
இருபத்தஞ்சுக்கு ஒரு கட்டு,
கட்டுக்கு ஒரு முணுமுணுப்பு.
"இதைக் குடிக்கிறவன் நெஞ்சுக்கூட்டைப் பாத்துக்கிடும்.
குடிக்காம விட்டான்னா ரொம்ப நல்லது.
ஆனா எனக்குக் கூலியும் வேணும்.
ரெண்டுக்கும் வழி நீரே பாரும்."

எனக்குப் பழகிய வசனம் நாக்கில் வந்துவிட்டது.
"ஆண்டவருக்கு முழு இருதயத்தையும் கொடுக்கணும்மா.
கோயிலுக்கு வராம, காணிக்கை இல்லாம..."

சிரித்துவிட்டாள்.
"முழுசுக்கு எங்கய்யா போவேன்?
மூணு மணிக்கு முழிக்கையில ஒரு துண்டு கிடக்கும்.
இவரு கண்ணசந்த பொறவு ஒரு துண்டு.
மிச்சமெல்லாம் பீத்துணியிலயும் பீடியிலயும்
செதறிக் கிடக்கு.
என்னால கூட்டி அள்ளிக் கொண்டாந்து
பீடத்துல வைக்க முடியாது,
வேணும்னா இங்கனயே வந்து பெறக்கிக்கிடும்னு
சொல்லிட்டேன்."

நூலைப் பல்லில் கடித்தாள்.

"வாராரு."

மாத்திரை டப்பாவைத் திறந்து
இருநூற்று எண்பது எண்ணி வைத்தாள்.
"ரசீது போடுங்க."
கட்டிலில் தொண்டை கரகரத்தது.
எனக்கு விளங்கவில்லை, அவளுக்கு விளங்கியது.
"அவருக்கும் போடணுமாம்."
மறுபடி டப்பாவைக் கவிழ்த்தாள்.
அறுபது ரூபாய், ஒரு மாத்திரை அட்டை.

மீதியை நான் போட்டேன்.
போடும்போதே, ரெண்டு ஓட்டு என்று
மனசில் ஒரு கணக்கு ஓடியது.
மறைத்து என்ன, அவருக்குத் தெரியாதா.

போன ஞாயிறு வேதபாடம் என் முறை.
பிரதான கற்பனை.
நாலு தடவை வருகிறது "முழு" என்ற சொல்.
மூன்றை வாசித்துவிட்டேன்.
நாலாவதில் இருமல் வந்ததாக
எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

தேர்தலில் ஜெயித்தேன், ஏழு ஓட்டு வித்தியாசம்.
நூற்றுப் பன்னிரண்டு வரவில்லை.
அன்றைக்கு அவருக்குக் காய்ச்சலாம்.
மாலை போட்டார்கள், வேட்டு விட்டார்கள்.
என் ரெண்டு உள்ளங்கையிலும்
அந்தக் கால் இருந்தது.