வாயில் விரல்

செம்புத் தகட்டின் வலக்கை
தாளில் இடக்கையாகும்.
அச்சகத்தில் சேர்ந்த முதல் வாரமே
இது எனக்குப் பழகிவிட்டது.
பழகாதது அந்தக் கிழவியின் முகம்.

காதிஸ் துறைமுகத்தில் கீழைக்காற்று நாலாம் நாளாய்.
திரைச்சீலைகளுக்கெல்லாம் பைத்தியம்.
தோன் நிக்காசியோ தகட்டை அமிலத்தில் இறக்கி
பன்னிரண்டு மரியே வாழ்க சொல்லி எடுத்தார்.
பக்தியால் அல்ல,
கடிகாரம் அடகில் இருந்தது.

படம் இவ்வளவுதான்:
முகமூடிமேல் முகமூடி போட்ட சீமாட்டி.
காலடியில் கழுதைக்காதுப் பாதிரி
காசுப்பையை அங்கிக்குள் திணிக்கிறார்.
நடுவே கிழவி, உதட்டில் விரல்.
கீழே ஒரே சொல்: உஷ்.

கடை ஜன்னலில் தொங்கவிட்டோம்,
வாசனைத் தைலத்துக்கும் ஷெர்ரி புட்டிக்கும் நடுவில்.
பகலில் ஊரே சிரித்தது,
பக்கத்து வீட்டைக் காட்டிச் சிரித்தது.
"அசல் தோன்யா எடுவிஹிஸ்!" என்றார் சுங்க அதிகாரி.
"அந்தக் காதுகள் சுங்கச்சாவடியில் பார்த்தவை"
என்றாள் தோன்யா எடுவிஹிஸ்.

இரவில் கதவு தட்டும்.
விளக்கில்லாமல் வருவார்கள், ஒவ்வொருவராய்.
"இருக்கிற பிரதி அத்தனையும் எனக்கு.
வெளியே மூச்சு விடக்கூடாது"
என்று உதட்டில் விரல் வைப்பார்கள்,
அச்சு அசலாய் அந்தக் கிழவி.

எல்லோருக்கும் சத்தியம் செய்தார் முதலாளி,
எல்லோருக்கும் விற்றார்.
எழுபதாம் பிரதியில் சீமாட்டியின் கண் மங்கியது.
தொண்ணூறில் காசுப்பை காணவில்லை
(பாதிரிமார் அதற்கும் சந்தோஷப்பட்டு வாங்கினார்கள்).
விரல் மட்டும் கருகருவென்றே வந்தது.
அமிலம் அங்கே ஆழமாய்க் கடித்திருந்தது.

கடிகாரம் மீண்டு வந்து சுவரில் ஏறியது.

மைக்கந்தலோடு பின்னால் நின்ற என்னை
யாரும் எதுவும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்?
புனித விசாரணை மன்றத்தின் பக்கவாசல் எனக்குத் தெரியும்.
ஒரு பெயருக்கு இரண்டு ரெயால்.
முதலாளி பெயருக்கு மூன்று கேட்கலாமென்று
ஒரு பிரதியைச் சுருட்டிக்கொண்டு போனேன்.

குமாஸ்தா விரித்துப் பார்த்தார்.
சிரிப்பை அடக்கியதில் தோள் குலுங்கியது.
பிறகு பாதிரியை உற்றுப் பார்த்தார்,
கதவைப் பார்த்தார்,
படத்தை இழுப்பறைக்குள் தள்ளிப் பூட்டினார்.
"நீ இங்கே வரவே இல்லை, கித்தேரியா" என்று
நாலு ரெயால் எண்ணி வைத்து
விரலை உதட்டுக்குக் கொண்டுபோனார்.

நானும் வைத்தேன்.
மை காயாத விரல்.

எலுமிச்சை, சாம்பல், கடலுப்பு
எது போட்டுத் தேய்த்தும்
ஞாயிறு பூசைவரை போகவில்லை.