இருக்கிறது, கிடைக்கவில்லை

மூணாறு தலைப்பு, நீடாமங்கலம்.
மதகுக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை,
அதன் கீழ் ஒரு கணினி, ஓடாத மின்விசிறி, நான்.
ஜூன் பதினாறு, இரவு எட்டு மணி.
மேட்டூரில் திறந்தது
விடிவதற்குள் இங்கே வந்துவிடும் என்கிறார்கள்.

ஆற்று மட்டம் படிக்கும் நிரல் சொல்கிறது:
பகிர் நூலகத்தைத் திறக்க முடியவில்லை,
அப்படியொரு கோப்பே இல்லை.

இருக்கிறது.
மதியம் நான்தான் வைத்தேன்.
பட்டியல் கேட்டால் வருகிறது,
நூற்று நாற்பது கிலோபைட்,
தேதி இன்று, உரிமையாளர் நான்.
வைக்க வேண்டிய இடத்தில் வைக்கவில்லை, அவ்வளவுதான்.
அந்த இடத்தின் கடவுச்சொல்
சென்னை ஒப்பந்தக்காரரிடம் இருக்கிறது.
அவர் மூன்று நாளாகத்
தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்.

எல்டிடி தட்டினேன்.
ஒன்பது பெயர்கள்.
எட்டுக்கு அம்புக்குறி,
அம்புக்கு அப்பால் முகவரி.
ஒன்பதாவதின் அம்பு போய் நிற்குமிடம்
காணவில்லை.

நிரல் கண் விழிக்குமுன் விழிப்பவன் ஒருவன் உண்டு,
ஏற்றி என்று பெயர்.
கையில் நாலு தெருவின் பட்டியல்.
நாலிலும் தட்டுவான், திரும்பிவிடுவான்.
ஐந்தாவது தெரு ஊரில் இருப்பது
அவன் பிரச்சினை அல்ல.
திட்ட மனம் வரவில்லை.
துறையின் வரைபடத்தில் இல்லாத வாய்க்காலுக்கு
முறைத்தண்ணீர் விடமாட்டார்
எங்கள் லஸ்கர் சவரிநாதனும்.

சூழல் மாறியில் சொல்லிவைத்தேன்:
என் வீட்டு அடைவுக்குப் போ,
கொல்லைப்பக்கம் லிப் என்று ஓர் அறை, அங்கே பார்.
உடனே எண் வந்தது. முக்காலடி.
சவரிநாதன் கேஜில் டார்ச் அடித்துவிட்டு
மேலே பார்த்துத் தலையசைத்தார்.
கடைசி பஸ்ஸில் மன்னார்குடி போய்
சாப்பிடாமல் தூங்கினேன்.

இரண்டரைக்கு போன்.
"மேடம், தண்ணி வந்துட்டு.
கேஜ்ல அஞ்சடி.
உங்க பெட்டி பூஜ்யம்னு நிக்கிது."

இருட்டில் உட்கார்ந்து யோசித்தேன்.
ஐந்து நிமிடத்துக்கொருமுறை நிரலை எழுப்புவது
நானல்ல, கிரான்.
அதற்கு என் சூழல் தெரியாது.
நான் சொன்ன சொல்
நான் நாற்காலியில் இருந்தவரை இருந்தது.
எழுந்தபோது அதுவும் எழுந்து
என்னோடு பஸ் ஏறிவிட்டது.
எழ மறுத்தால் பூஜ்யம் என்று எழுது
என்று அந்த நிரலை எழுதியவன்
எந்த ஊர்க்காரனோ!
தஞ்சாவூரில் யாராவது
இந்தப் பூஜ்யங்களை நம்பி
வெண்ணாற்றில் இன்னும் கொஞ்சம் கூட்டியிருந்தால்?
சவரிநாதன் நம்பவில்லை.
இரண்டு ஷட்டரைக் கையால் இறக்கிவிட்டுத்தான்
எனக்கு போன் போட்டாராம்.

முதல் பஸ்.
இனி யாருக்கும் சொல்லிவைப்பதில்லை,
நிரலின் உடம்பிலேயே வழியை எழுதிவிடுவது.
முதல் தடவை ஒற்றை மேற்கோள் போட மறந்தேன்.
டாலர் குறி வைத்த அந்த ஒரு சொல்லை
ஷெல் பாதியிலேயே உறிஞ்சிவிட்டது,
கோரையாற்றுக் கரையின் திருட்டு மோட்டார் மாதிரி.
மிஞ்சியது இரண்டு புள்ளி, இரண்டு சாய்கோடு, லிப்.

இரண்டாம் தடவை மேற்கோளுக்குள் வைத்து எழுதினேன்.
ஆரிஜின்.
அதாவது, நீ எங்கே கிடக்கிறாயோ
அங்கிருந்து ஒரு படி ஏறி
பக்கத்து அறையில் பார்.
சென்னை வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம்,
நானும் வேண்டாம்.
இரண்டையும் சேர்த்துத் தூக்கினால்
எந்த மதகிலும் வைக்கலாம்.

வெளியேறிவிட்டு, நாற்காலியையும் தள்ளிவைத்து,
ஐந்து நிமிடம் இருவரும் திரையைப் பார்த்து நின்றோம்.
கீழே தண்ணீர்
செங்காவியாக, நுரையோடு,
மூன்றாகப் பிரிந்துகொண்டிருந்தது.

ஐந்தே கால்.

"இனி நீங்க இல்லாட்டியும் ஓடுமா?"
"ஓடும்."
சரி என்றார்.
படியிறங்கிப் போய்
கேஜைக் குனிந்து பார்த்துவிட்டு வந்தார்.
ஐந்தே கால்தான்.
நோட்டில் இரண்டு கட்டம் போட்டு
இரண்டையும் தனித்தனியாக எழுதிக்கொண்டார்.