நாய் துரத்தாத நாள்

கண் திறக்கும் முன்பே
இரண்டு விரல் கழுத்துக்குப் போனது.
நிமிடத்துக்கு அறுபத்தொன்று.
ஏப்ரலில் நாற்பத்தாறு.
நோட்டில் எழுதவில்லை.
எழுதினால் உண்மையாகிவிடும்.

சோகமோசோவில் மழை.
சூளைப் புகை எழ மனமின்றி
தரையோடு படுத்திருந்தது.
முந்தாநாள் நூற்று நாற்பது கிலோமீட்டர்.
நேற்று ஓய்வு என்றது அட்டவணை;
தோத்தா ஏரி வரைக்கும் போய்வந்தேன்,
சும்மா, கால் இளக.

இளகவில்லை.
முப்பத்தொரு வயதில்
படிக்கட்டில் கைப்பிடி தேடினேன்.
சூப்பில் உப்பு போதுமா என்று கேட்டான் ஃபெர்மின்.
அழுதுவிட்டேன்.
உப்பு சரியாகத்தான் இருந்தது.
இரவு மூன்று மணிக்கு விழித்து
கூரையைப் பார்த்தபடி கியர் மாற்றினேன்.

ஏற்றத்தின் ஏழாவது வளைவில்,
வெங்காய வயலை ஒட்டி,
ஒரு மஞ்சள் நாய். ஒற்றைக் காது.
மூன்று வருடமாக எங்களுக்குள் பகை.
குரைத்துக்கொண்டு பாயும்;
எழுந்து நின்று மிதிப்பேன்;
தோற்பது எப்போதும் அதுதான்.

அன்று
தலையைத் தூக்கிப் பார்த்தது.
நானும் பார்த்தேன்.
தலையைத் திரும்ப
முன்னங்கால் மேல் வைத்துக்கொண்டது.

துரத்துவதற்கு அங்கே எதுவும் ஓடவில்லை.

வலி இருந்திருந்தால்
அதைப் பிடித்துக்கொண்டே ஏறியிருப்பேன்.
வலி எனக்குப் பழகிய மொழி.
இது வலியில்லை.
சங்கிலி சுற்றியது, சக்கரம் சுற்றியது,
அவற்றோடு நான் சுற்றவில்லை.

இறங்கி வெங்காய வாசனைக்குள் உட்கார்ந்தேன்.
பள்ளிக்கூடப் பையன் ஒருவன் தாண்டிப் போனான்.
பின்னால் கோழிக்கூடை கட்டிய கிழவர்
கையசைத்துவிட்டுப் போனார்.
கோபம் வரவில்லை.
அதுதான் பயமாக இருந்தது.

பகலில் நான் சூளையில் கணக்கெழுதுபவள்.
நெருப்பு அணைந்த பிறகும்
எட்டு நாள் வாயைத் திறக்கக் கூடாது.
அவசரக்காரன் லாரியோடு வந்து நிற்பான்.
திறந்து கொடுத்தால்
கையில் வாங்கும்போது முழுசாய் இருக்கும் கல்
சுவரில் ஏறிய பின் விரியும்.
எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் இதை,
ரசீதுப் புத்தகத்தை மூடியபடி,
கறாராக.

ஆறு வாரம் ஆகிறது.
சைக்கிள் சுவரைப் பார்த்து நிற்கிறது.
செப்டம்பர் பந்தயத்தில் என் இடத்தை
யாமிலேக்குக் கொடுத்துவிட்டேன்.
பெருந்தன்மை ஒன்றுமில்லை, வயிறெரிந்தது.
பொறாமைப்படவாவது தெம்பு வந்திருக்கிறதே
என்று நினைத்துக்கொண்டேன்.

தூங்குகிறேன்.
மலையைவிடக் கடினமான வேலை.
மதியச் சாப்பாட்டுக்குப் பின் குற்றவுணர்ச்சி
ஈ மாதிரி வந்து உட்காருகிறது.
விரட்டுவதில்லை.
அதற்கும் கால் வலிக்கும்.

நேற்று பஸ்ஸில் போய் வெங்காயம் வாங்கினேன்.
மஞ்சள் நாய் வந்து பையை முகர்ந்தது.
என்னை அடையாளம் தெரியவில்லை அதற்கு.
வாலை ஆட்டிவிட்டுப் போனது.

இன்று காலை ஐம்பத்திரண்டு.
எழுதி வைத்தேன்.
இன்னும் ஏறவில்லை.